காணாமல் போன கணவர்: காத்திருப்புக்கும் ஒரு முடிவு உண்டு

(சிதம்பரத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. கண்ணியத்திற்குரிய உலமாப் பெருமக்களே, கடலூர், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம், மங்கலம்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து வந்திருக்கும் ஜமாஅத் நிர்வாகிகளே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே!

இன்று நாம் பேசப்போவது நம் வீடுகளில் தாழ்ந்த குரலில் மட்டும் பேசப்படும் ஒரு விஷயம். கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. இருக்கிறாரா இல்லையா என்பதும் தெரியவில்லை. அந்த வீட்டுப் பெண் எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? மார்க்கம் என்ன சொல்கிறது? நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? ஜமாஅத்தும் அறக்கட்டளையும் செய்ய வேண்டியது என்ன?

முதலில் எங்கள் தவறு ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் பதிவேட்டில் இல்லாத கட்டம்

நம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றைச் சேர்ந்த ஒரு சகோதரி. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். கணவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். முதல் இரண்டு ஆண்டுகள் பணம் வந்தது, போன் வந்தது. பிறகு போன் மட்டும். பிறகு அதுவும் இல்லை. கூட இருந்தவர்களிடம் விசாரித்தால், வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

நாங்கள் அவரை உதவிப் பட்டியலில் சேர்த்தோம். எங்கள் பதிவேட்டில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன: ஒன்று விதவை, மற்றொன்று தலாக் பெற்றவர். இவரை எதில் எழுதுவது? ஒருவர் ‘விதவை’ என்று எழுதிவிட்டார். அடுத்த வாரமே அந்தக் கணவருடைய தாயார், எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டி, அலுவலகத்துக்கு வந்து நின்றார். “தம்பி, என் மகனை மவுத்தாக்கினது யார்?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அவர் கண்முன்னே அந்தச் சொல்லை அடித்தோம். கட்டம் காலியாகவே நின்றது.

ஒன்பது ரமளான்களில் அந்த வீட்டுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் போயின. பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினோம். அல்ஹம்துலில்லாஹ், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் ‘உங்களுக்குச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது’ என்று அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரு நாளும் சொல்லவில்லை. எங்களில் சிலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களோ, குடும்ப விஷயம், நாம் ஏன் தலையிட வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

பிறகு மூத்த மகளுக்கு நிக்காஹ் முடிவானது. பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன் அந்தச் சகோதரி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அண்ணே, அவர் பேருக்கு முன்னாடி மர்ஹூம்னு போடணுமா, போடக்கூடாதா?”

அந்தக் கேள்விதான் இந்தக் கூட்டத்தை நடத்த வைத்தது.

நமக்குப் பழைய துன்பம்

சபர் போகும் வழக்கம் நம் கடற்கரைக்குப் பரம்பரையாக வந்தது. பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று போனார்கள். 1942 இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பியவர்களில் வழியிலேயே மறைந்தவர்கள் ஏராளம். அந்த வீடுகளில் கடிதத்துக்காகக் காத்திருந்தே கிழவிகளான பெண்களைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கடல் கொண்டுபோனவர்களின் உடல் எல்லா வீட்டுக்கும் திரும்பக் கிடைத்துவிடுவதில்லை.

ஆகவே இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. நம் சமூகம் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி.

மார்க்கம் கண்ட வழி

காணாமல் போனவரை ஃபிக்ஹு நூல்கள் ‘மஃப்கூத்’ என்று அழைக்கின்றன. நம் பகுதியில் கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் அதிகம். ஹனஃபி மத்ஹபின் அடிப்படைக் கருத்துப்படி, கணவரின் வயதையொத்தவர்கள் எல்லாம் மறையும் காலம் வரை அவர் உயிரோடு இருப்பதாகவே கொள்ளப்படும். இமாம் ஷாஃபிஈ அவர்களுடைய பழைய கருத்து நான்கு ஆண்டுகள். பிந்தைய கருத்து, மரணம் உறுதியாகும் வரை காத்திருப்பது. மாலிகி மத்ஹபிலோ, மனைவி காஜியிடம் முறையிட வேண்டும். அவர் நான்கு ஆண்டு தவணை கொடுப்பார். அது முடிந்ததும் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து அவள் மறுமணம் செய்துகொள்ளலாம். இந்த நான்கு ஆண்டுக் கணக்குக்கு உமர் (ரலி) அவர்கள் அளித்த தீர்ப்பே ஆதாரமாகச் சொல்லப்படுகிறது.

நம் நாட்டு உலமாக்கள் இந்தச் சிக்கலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், விடுதலைக்கு வேறு வழி தெரியாத பெண்கள் சிலர் நிக்காஹை முறிப்பதற்காகவே மார்க்கத்தை விட்டு வெளியேறுவதாகச் சொல்லும் நிலை வந்தது. ஹனஃபி மத்ஹபின் பெரும் ஆலிமான மௌலானா அஷ்ரஃப் அலி தானவி அவர்கள் மதீனாவின் மாலிகி உலமாக்களுக்கு எழுதி ஃபத்வாக்களைப் பெற்று, இத்தகைய நெருக்கடியில் மாலிகி வழியை எடுத்துக்கொள்ளலாம் என்று ‘அல்ஹீலத்துன் நாஜிஸா’ என்னும் நூலில் எழுதினார்கள். அந்த முயற்சியைத் தொடர்ந்து காஜி முஹம்மது அஹ்மத் காஸ்மி அவர்கள் 1936 இல் மத்திய சட்டமன்றத்தில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார்கள். அதுதான் 1939 மார்ச் 17 அன்று முஸ்லிம் திருமணங்கள் கலைப்புச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது.

எனவே ‘இது அரசாங்கம் நம் மேல் திணித்த சட்டம்’ என்று யாராவது சொன்னால், நம் உலமாக்கள் நம் பெண்களுக்காகக் கேட்டு வாங்கிய சட்டம் என்று சொல்லுங்கள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: இத்தகைய வழக்குகளை முஸ்லிம் நீதிபதியே விசாரிக்க வேண்டும் என்று உலமாக்கள் கேட்டார்கள், அது சட்டத்தில் இடம்பெறவில்லை. அதனால் இன்றும் சில ஆலிம்களுக்குத் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தை நாம் மதிக்கிறோம். அதற்கு வழி, நீதிமன்றத்துக்குப் போகாமல் இருப்பது அல்ல. வழக்குப் போடும் முன்னும் தீர்ப்பு வந்த பின்னும் உங்கள் ஊர் ஹஜ்ரத்தைக் கலந்துகொள்வது.

நான்கு ஆண்டுகள்: நிக்காஹை முடிக்கும் வழி

இங்கேதான் நம்மவர்கள் அதிகமாகக் குழம்புகிறார்கள். “ஏழு வருஷம் ஆகணுமாமே?” என்று கேட்கிறார்கள். சட்டத்தில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நான்கு ஆண்டு, மற்றொன்று ஏழு ஆண்டு. இரண்டும் வேறு வேறு.

1939 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2 ஆவது பிரிவில் முதல் காரணமே இதுதான்: கணவர் இருக்கும் இடம் நான்கு ஆண்டுகளாகத் தெரியவில்லை என்றால், மனைவி நீதிமன்றத்தில் திருமணக் கலைப்புக் கேட்கலாம். ‘அவர் இறந்துவிட்டார்’ என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. இடம் தெரியவில்லை என்பதை நிரூபித்தால் போதும். இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இதற்கு ஏழு ஆண்டுகள் வேண்டும். நம் பெண்களுக்கு நான்கே ஆண்டுகள்.

இந்த வழக்கில் கணவர் வீட்டாரை ஒதுக்கிவிட முடியாது. மனு போடும் நாளில் கணவர் இறந்திருந்தால் யார் யார் அவருக்கு வாரிசாவார்களோ, அவர்கள் எல்லோருடைய பெயரும் முகவரியும் மனுவில் இருக்க வேண்டும். அவர்களுக்கு நோட்டீஸ் போகும். தங்கள் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு. கணவரின் சகோதரரும், தந்தையுடன் பிறந்த பெரியப்பா, சிற்றப்பாவும் இருந்தால், வாரிசு இல்லாவிட்டாலும் அவர்களைத் தரப்பாகச் சேர்த்தே ஆக வேண்டும். ஏனென்றால், அவருக்கு என்ன ஆனது என்பது தெரிந்திருந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும்.

தீர்ப்பு வந்தாலும் அன்றே நிக்காஹ் முறிந்துவிடாது. ஆறு மாதம் கழித்துத்தான் தீர்ப்பு நடைமுறைக்கு வரும். அந்த ஆறு மாதத்துக்குள் கணவர் நேரிலோ, அதிகாரம் பெற்ற ஒருவர் மூலமாகவோ வந்து, இல்லறக் கடமைகளைச் செய்யத் தயார் என்று நீதிமன்றத்தை நம்ப வைத்தால் தீர்ப்பு ரத்தாகிவிடும். வராவிட்டால் சட்டப்படி நிக்காஹ் முடிந்தது. அதன் பிறகு இத்தா. எந்தக் கணக்கில் இத்தா இருப்பது, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். மஹர் பாக்கி இருந்தால் அந்த உரிமை இந்தத் தீர்ப்பால் போய்விடாது. சட்டத்தின் 5 ஆவது பிரிவு அதைக் காப்பாற்றுகிறது.

நான்கு ஆண்டு நிறையாதவர்களுக்கும், கணவர் எங்கோ இருக்கிறார் என்று தெரிந்தும் ஒரு ரூபாய்கூட வராதவர்களுக்கும் அதே பிரிவில் இன்னொரு காரணம் இருக்கிறது: இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராமல் விட்டது. 1970களின் தொடக்கத்தில் வெளியான யூசுஃப் ராவுத்தர் – சௌரம்மா வழக்கின் தீர்ப்பில், கேரள உயர் நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இந்தப் பிரிவை விரிவாக விளக்கினார். கணவர் ஏன் தரவில்லை என்ற காரணத்தைத் துருவுவதைவிட, தரவில்லை என்ற உண்மையே முக்கியம் என்பது அதன் சாரம்.

ஏழு ஆண்டுகள்: இறந்ததாகக் கொள்ளும் வழி

ஒருவரைப் பற்றி வழக்கமாகத் தகவல் அறிந்திருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108 ஆவது பிரிவு இது. 2024 ஜூலை முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 111 ஆவது பிரிவு. இது முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1884 இலேயே தீர்த்துவிட்டது.

சொத்து, வங்கிப் பணம், காப்பீடு, வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இந்த வழி. சிவில் நீதிமன்றத்தில் ‘இறந்ததாகக் கருத வேண்டும்’ என்று அறிவிப்புக் கேட்டு, அந்தத் தீர்ப்பைக் கொண்டு இறப்புச் சான்றிதழும், பிறகு தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழும் கேட்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, எல்.ஐ.சி. பாலிசி. ஏழு ஆண்டு முடிந்தால் இறந்தார் என்று கொள்ளலாமே தவிர, காணாமல் போன அன்றே இறந்தார் என்று கொள்ள முடியாது என்று எல்.ஐ.சி. – அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 இல் தீர்ப்பளித்தது. இடையில் பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியானதால், முழுத் தொகையைக் கேட்ட அந்தக் குடும்பத்துக்குப் பாதகமாகவே முடிந்தது. எனவே பாலிசி இருந்தால், சிரமப்பட்டாவது பிரீமியத்தைத் தொடர்ந்து கட்டுங்கள்.

இரண்டாவது எச்சரிக்கை இதைவிட முக்கியம். நான்கு ஆண்டு வழியில் நிக்காஹைக் கலைத்துக்கொண்டவர் அதன் பிறகு அவருடைய மனைவி அல்ல. பின்னாளில் கணவர் இறந்ததாக அறிவிக்கப்பட்டால், விதவை என்ற முறையில் எட்டில் ஒரு பங்கு கேட்பது கடினம். பிள்ளைகளின் பங்கு எங்கும் போகாது. ஆகவே கணவர் பெயரில் கணிசமான சொத்து இருக்கிறதா, ஓய்வூதியம் வருமா, மறுமணம் செய்யும் எண்ணம் உண்டா என்பதையெல்லாம் வழக்குரைஞரிடம் பேசிவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள். கணவர் அரசு ஊழியராக இருந்தவர் என்றால், குடும்ப ஓய்வூதியத்துக்குத் தனி விதிகள் உண்டு. அவருடைய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். பேரிடர்களிலும் அப்படித்தான். 2013 இல் உத்தராகண்ட் வெள்ளத்தில் காணாமல் போனவர்களுக்கும், 2024 இல் வயநாடு நிலச்சரிவில் காணாமல் போனவர்களுக்கும், ஏழு ஆண்டு காத்திராமல் இறப்புச் சான்றிதழ் வழங்க அரசுகள் தனி நடைமுறை வகுத்தன.

காகிதம் இல்லாததால் நடந்தது

‘நீதிமன்றம் எதற்கு? ஜமாஅத்தில் நாலு பேர் கூடி எழுதிக் கொடுத்தால் போதாதா?’ என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு உத்தரப் பிரதேசத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன் நாடே பார்த்தது.

மீரட் பகுதியைச் சேர்ந்த அந்தப் பெண்ணின் பெயர் குடியா. உருதுவில் பொம்மை என்று பொருள். 1999 இல் ராணுவ வீரர் ஆரிஃபுடன் நிக்காஹ் நடந்தது. சில நாட்களிலேயே கார்கில் போருக்காக அவருக்கு அழைப்பு வந்தது. போனவர் காணாமல் போனார். படையை விட்டு ஓடிவிட்டவர் என்றுகூட முதலில் கருதப்பட்டார். காத்திருந்த குடியாவுக்கு 2003 இல் தௌஃபீக் என்பவருடன் நிக்காஹ் செய்துவைத்தார்கள். 2004 ஆகஸ்டில் பாகிஸ்தான் சிறையிலிருந்து ஆரிஃப் விடுதலையாகி வந்தார். அப்போது குடியா நிறைமாத நெருக்கத்தில் இருந்த கர்ப்பிணி.

முதல் நிக்காஹ் முறிக்கப்படவில்லை, எனவே அவள் ஆரிஃபின் மனைவிதான் என்று வாதம் எழுந்தது. கேமராக்களுக்கு முன்னால் பஞ்சாயத்து கூடியது. அவளைச் சுற்றிலும் ஆண்கள், எல்லோரும் பேசினார்கள். குடியா ஆரிஃபிடம் திரும்பினார். 2006 ஜனவரியில் நோயுற்று மவுத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் வழக்குப் போட்டிருந்தால் எப்படித் தீர்ந்திருக்கும் என்று சொல்ல நாம் வரவில்லை. ஆரிஃபையோ தௌஃபீக்கையோ குறை சொல்லவும் வரவில்லை. மூன்று பேருமே துன்பப்பட்டவர்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கையில் தீர்ப்பு இருந்தால் அந்தப் பெண்ணின் நிலை எழுத்தில் இருக்கும். அதைப் பஞ்சாயத்தில் வைத்து ஏலம் போட முடியாது.

இன்னும் ஒரு ஆபத்து உண்டு. முதல் நிக்காஹ் சட்டப்படி முடியாமல் ஒரு பெண் மறுமணம் செய்தால், அது பாரதிய நியாய சம்ஹிதாவின் 82 ஆவது பிரிவின்படி குற்றமாகலாம். ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஏழு ஆண்டுகளாகக் கேள்விப்படாத கணவர் என்றால் விதிவிலக்கு இருக்கிறது. அதற்கும், மணக்கப்போகிறவரிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஜமாஅத் கடிதத்தை நம்பி நான்காம், ஐந்தாம் ஆண்டில் நிக்காஹ் ஓதிவைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஜமாஅத் கடிதத்தின் சட்ட மதிப்பைப் பற்றி நம் சென்னை உயர் நீதிமன்றமே பேசியிருக்கிறது. பதர் சயீத் அம்மையார் தொடர்ந்த வழக்கில், காஜிகள் வழங்கும் தலாக் சான்றிதழ்களுக்குச் சட்ட மதிப்பு இல்லை, அவை கருத்து மட்டுமே என்று 2017 இல் சொன்னது. தனியார் ஷரீஅத் கவுன்சில் வழங்கிய குலா சான்றிதழ் செல்லாது, குடும்பநல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2023 இல் இன்னொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. ஜமாஅத்தின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை. சமாதானம் பேச, சாட்சி சொல்ல, நிக்காஹ் தஃப்தர் நகல் கொடுக்க ஜமாஅத் வேண்டும். தீர்ப்பு எழுதுவது மட்டும் நம் வேலை அல்ல.

இன்றே செய்யக்கூடியவை

ஆள் காணவில்லை என்று உறுதியானதும் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ‘குடும்ப மானம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். எப்.ஐ.ஆர். அல்லது சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் நான்கு ஆண்டுக் கணக்குக்கு அதுதான் சாட்சி. வெளிநாட்டில் காணாமல் போனவர் என்றால், இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள். வெளியுறவுத் துறையின் ‘மதத்’ இணையதளத்தில் பதியுங்கள். நம் மாநில அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்துக்கும் மனு கொடுங்கள். அனுப்பிய ஒவ்வொன்றின் நகலும், வந்த பதிலும், திரும்பி வந்த கடித உறையும்கூட ஆவணம்தான்.

நிக்காஹ் தஃப்தர் நகல், திருமணப் பதிவு இருந்தால் அந்தச் சான்று, கணவரின் கடவுச்சீட்டு நகல், கடைசியாகப் பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: எதையும் மறைக்காதீர்கள். கணவரின் முகவரியோ போன் எண்ணோ தெரிந்திருந்தும் ‘தெரியாது’ என்று எழுதி வாங்கிய ஒருதலைத் தீர்ப்பை அவர் பின்னால் வந்து உடைக்க முடியும். அல்லாஹ்விடமும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வழக்குச் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987 இன்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கடலூரில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும், சிதம்பரத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழுவையும் நீதிமன்ற வளாகத்திலேயே அணுகலாம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வாழ்வாதாரத்துக்கு, மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் இருக்கிறது. கைவிடப்பட்ட பெண்களுக்கான அரசு ஓய்வூதியமும் இருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதித் தருகிறோம், கூடவும் வருகிறோம்.

கணவர் வீட்டுத் தாய்மார்களுக்கு

கடைசியாக, பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் நீதிமன்றத்துக்குப் போனால் ‘என் மகனைச் சாகடிக்கப் பார்க்கிறாள்’ என்று நினைக்காதீர்கள். நான்கு ஆண்டு வழியில் வரும் தீர்ப்பில் உங்கள் மகன் இறந்துவிட்டார் என்று ஒரு வரிகூட இருக்காது. அவர் இருக்கும் இடம் தெரியவில்லை, ஆகவே இந்தப் பெண் இதற்கு மேல் காத்திருக்கக் கட்டுப்பட்டவள் அல்ல என்பது மட்டுமே இருக்கும். உங்கள் துஆவை அந்தத் தீர்ப்பு தடுக்காது. உங்கள் மகன் நாளை வாசலில் வந்து நின்றால், அவர் உங்கள் மகன்தான். அவருடைய பிள்ளைகளுக்கு வாப்பாதான்.

முதலில் சொன்ன அந்தச் சகோதரியின் விஷயத்தில் இதைப் புரியவைக்கத்தான் அதிக நாள் ஆனது. மகளின் பத்திரிகையில் ‘மர்ஹூம்’ போடாமல் கணவர் பெயரை மட்டும் அச்சடித்தார்கள். யார் வலியாக நிற்பது என்பதை ஹஜ்ரத் முடிவு செய்துகொடுத்து நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. அதன் பிறகு சட்ட உதவி மூலம் வழக்குப் போட்டார். வாரிசு என்ற முறையில் மாமியாருக்கு நோட்டீஸ் போனது. அந்த மூதாட்டி நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். “இதுல அவன் மவுத்துன்னு எழுதியிருக்கா தம்பி?” என்றார். ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினோம். இல்லை என்று தெரிந்ததும், “அப்ப நானும் வர்றேன்” என்று மருமகளோடு நீதிமன்றத்துக்கு வந்தார். மகனிடமிருந்து தகவலே இல்லை என்பதை அவரே சொன்னார்.

தீர்ப்பு வந்துவிட்டது. ஆறு மாதத் தவணையில் நான்கு மாதம் போய்விட்டது. இரண்டு மாதம் மீதி. அந்த வீட்டில் இன்றும் போன் மணி அடித்தால் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அந்தச் சகோதரிக்கு மறுமண எண்ணம் இல்லையாம். “நான் யாருன்னு எனக்குத் தெரிஞ்சா போதும் அண்ணே” என்றார்.

எங்கள் பதிவேட்டில் இப்போது மூன்றாவது கட்டம் போட்டிருக்கிறோம்: ‘கணவர் தகவல் இல்லை’. அதற்குப் பக்கத்தில் ஒரு தேதி எழுத இடம் விட்டிருக்கிறோம். தகவல் நின்ற நாள் அது. அந்த நாளிலிருந்து நான்கு ஆண்டு நிறையும்போது, அரிசி மூட்டையோடு இந்தச் செய்தியையும் கொண்டுபோய்ச் சொல்வது எங்கள் பொறுப்பு. உங்கள் மஹல்லாக்களிலும் இப்படி ஒரு கட்டம் போடுங்கள். அதில் ஒரு பெயர்கூட ஏறாமல் இருக்க துஆச் செய்யுங்கள். ஏறிவிட்டால், அந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள்.

காணாமல் போனவர்களை அல்லாஹ் நலமாகத் திருப்பித் தருவானாக! மவுத்தாகிவிட்டவர்களை மன்னிப்பானாக! காத்திருக்கும் பெண்களுக்கும் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் நல்வழியைத் திறந்துவிடுவானாக! ஆமீன்.